தம்பியின் சேவ் கோப்புகள்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 9, வியாழன்

பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில்தான் தம்பி கேட்டான், மேசை இழுப்பறையில் உள்ள போக்கிமோன் கோல்டு விளையாட்டுக் கேசட்டில், விளையாடிய நிலையைச் சேமித்து வைத்த சேவ் இன்னும் இருக்கிறதா என்று. இரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேம்பாய் கலர் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் கேசட்டைச் செருகிப் பார்த்தேன். 'கன்டினியூ' என்ற வரி வந்தது. இருக்கிறது என்று உடனே செய்தி அனுப்பிவிட்டேன்.

ஆனால் இன்று இருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கேசட்டைப் பற்றி எவராலும் உறுதி கூற முடியாது. அதில் சேவ் தங்கியிருப்பது மின்சாரம் நின்றால் அனைத்தையும் இழந்துவிடும் எஸ்ராம் என்ற நினைவகச் சில்லில். அந்தச் சில்லுக்கு உயிர் கொடுப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட சிஆர்2025 என்னும் நாணய அளவுப் பேட்டரி. விளையாட்டில் பகலும் இரவும் மாறிமாறி வர வேண்டும் என்பதற்காகக் கடிகாரத்தையும் அதே பேட்டரிதான் ஓட்டுகிறது; ஆகவே முந்தைய ரெட், புளூ கேசட்டுகளைவிட இது விரைவாகத் தீர்ந்துபோகும். ஜப்பானில் 1999இலும் அமெரிக்காவில் 2000இலும் வெளிவந்த விளையாட்டு இது. பேட்டரியை இடையில் யாரும் மாற்றியதாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

முடிவு வரவில்லை. கேசட்டைப் போட்டுப் பார்த்தேன், இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போய், வார்டுக்குச் செல்லும் முன் கொம்தார் கோபுரத்தின் பக்கத்தில் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் ஏறினேன். கேசட்டின் திருகாணி சாதாரணத் திருப்புளிக்கு மசியாது; அதற்கென்று 3.8 மில்லிமீட்டர் முனை வேண்டும். கடைக்காரர் அதை வைத்திருந்தார். மூடியைக் கழற்றியதும் பச்சைப் பலகையின் ஓரத்தில் பேட்டரி தெரிந்தது. அதன் இருபுறமும் மெல்லிய தகட்டு நாக்குகள். ஒன்றின் அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. மீட்டரை வைத்துக் காட்டினார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.7.

பத்து நிமிடத்தில் மாற்றித் தருகிறேன், ஆனால் பழைய பேட்டரியை எடுத்த நொடியே சேவ் போய்விடும் என்றார். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே மாற்றுகிற வழி உண்டே என்று கேட்டேன். உண்டு, கை கொஞ்சம் நடுங்கினாலும் அவ்வளவுதான், அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முதலில் கேசட்டைக் கணினியில் படிக்க உதவும் ரீடர் ஒன்றை வாங்கிச் சேவ் கோப்பைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள், பேட்டரி காத்திருக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். காசு கேட்கவில்லை. ஃபெரியில் திரும்பும்போதே கைப்பேசியில் ரீடருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

தம்பியிடம் 2.7 என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கான ஆதரவு இன்றோடு முடிகிறதாம். மாமா மகன் காலையிலேயே வந்து, தம்பியின் மடிக்கணினியை முழுவதுமாக அழித்துப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்துகொண்டான். எல்லாம் ஸ்டீமில் இருக்கும் அக்கா, எதற்குக் கவலை என்கிறான். இந்த "எல்லாம் இருக்கும்" என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஸ்டீம் என்பது கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடை; அதன் இணையச் சேமிப்பான ஸ்டீம் கிளவுடைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு விளையாட்டையும் உருவாக்கியவர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். தம்பியின் பட்டியலிலேயே அந்த வசதி இல்லாதவை இருக்கின்றன. அவை சேவ் கோப்பை வைக்கும் இடத்திலும் ஒழுங்கு கிடையாது. ஒன்று ஆவணங்கள் கோப்புறையில் வைக்கும், இன்னொன்று மறைந்து கிடக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் வைக்கும், வேறொன்று தன்னை நிறுவிய இடத்திலேயே வைத்துக்கொள்ளும். லுடுசாவி என்ற இலவச மென்பொருள் இவற்றைத் தேடித் திரட்டித் தருகிறது. மாமா மகனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு அதை ஓடவிட்டேன்.

கிளவுட் இருந்தாலும் அது காப்புப்படி ஆகிவிடாது என்பதை இந்த வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. இங்கே ஒரு கோப்பு கெட்டால் கெட்ட கோப்புதான் மேலே போகும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியக்கூடும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது எதை வைத்துக்கொள்வது என்று ஸ்டீம் ஒரு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் தவறானதைத் தொட்டால் மற்றொன்றின் மேல் எழுதிவிடும். எனவே அந்தப் பெட்டி வந்தால் எதையும் தொடாமல், கணினியில் உள்ள கோப்புறையை முதலில் வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும்.

ஸ்டார்டியூ வேலியை உருவாக்கியவருக்கு மட்டும் ஒரு வணக்கம். விளையாட்டில் ஒவ்வொரு நாளும் உறங்கப் போகும்போது சேமிக்கிறது. அப்போது முந்தைய நாளின் கோப்பைத் தூக்கியெறியாமல் 'ஓல்டு' என்ற பின்னொட்டுடன் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. கோப்புறையைத் திறந்து பார்த்தேன். தம்பி கடைசியாக உறங்கிய நாளும் அதற்கு முந்தைய நாளும் அருகருகே கிடந்தன.

அக்டோபர் 15, புதன்

வியாழக்கிழமை ஸ்கேன். 2.7.

அக்டோபர் 17, வெள்ளி

தம்பியின் இன்னொரு விளையாட்டுக் கருவியான நின்டெண்டோ ஸ்விட்சை இன்றுதான் கையில் எடுத்தேன். அதைப் பற்றி இந்த வீட்டில் நிலவும் நம்பிக்கைகள் பல. அவற்றில் முதலாவது, மைக்ரோஎஸ்டி அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் சேவும் பத்திரம் என்பது. அந்த அட்டையில் தரவிறக்கிய விளையாட்டுகளும் படங்களும் இருக்கும், சேவ் இருக்காது. சேவ் முழுவதும் கருவியின் உள்நினைவகத்தில்தான் இருக்கிறது. பென்டிரைவில் நகலெடுக்கவும் அதில் வழி இல்லை. மற்றொரு ஸ்விட்சுக்குச் சேவ் கோப்பை அனுப்பலாம். ஆனால் அனுப்பினால் அங்கே போய்விடும், இங்கே இராது. நகர்த்துவதை நகலெடுப்பது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ!

மிஞ்சுவது சந்தா கட்டிப் பெறும் கிளவுட் மட்டுமே. அதிலும் தம்பி உயிராய் நினைக்கும் அனிமல் கிராசிங் விளையாட்டின் தீவு சேர்த்தி இல்லை. அதற்கென 2020 ஜூலை இறுதியில் தனியாக ஒரு தீவுக் காப்பு வசதியைக் கொடுத்தார்கள். விளையாட்டின் முகப்பில் மைனஸ் பொத்தானை அழுத்தி அமைப்புகளுக்குள் போய் அதை நாமே இயக்க வேண்டும். கருவி தொலைந்தாலோ உடைந்தாலோதான் அதிலிருந்து மீட்க முடியும், வேண்டும்போதெல்லாம் நேற்றைக்குத் திரும்ப முடியாது. பார்த்தேன், தம்பி இயக்கி வைத்திருக்கிறான், அதுவரை நிம்மதி.

ஆனால் சந்தா இம்மாதம் 26ஆம் தேதி புதுப்பிக்கப்பட வேண்டும். கணக்கில் உள்ள வங்கி அட்டை காலாவதியாகிவிட்டது. புதிய அட்டையைச் சேர்க்கக் கணக்குக்குள் நுழைய வேண்டும். நுழைவதற்கு அவன் கைப்பேசியில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் வேண்டும். அந்தக் கைப்பேசியோ வார்டில், அவன் தலையணைக்கு அடியில், பெரும்பாலும் சார்ஜ் இல்லாமல். இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது கொடுக்கப்படும் மாற்று எண்களைத் தாளில் எழுதி வை என்று எவ்வளவு சொல்லியிருக்கிறேன்! கிளவுடில் கிடக்கும் சேவுக்குச் சாவி ஒரு கைப்பேசிக்குள் மட்டும் இருந்தால் அதைக் காப்பு என்று எப்படிச் சொல்வது? சந்தா முடிந்த அன்றே அழித்துவிடமாட்டார்கள், 180 நாள் வரை வைத்திருப்பார்கள் என்பது தெரியும். தெரிந்தும் இரவெல்லாம் அதே நினைப்பு.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அத்தை வீட்டுப் பிள்ளைகள் வந்து இறங்கியதும் ஸ்விட்ச் எங்கே என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு உண்டாக்கிக் கொடுக்கலாம். பல விளையாட்டுகள் பயனருக்கு ஒரு சேவ் என்று பிரித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அனிமல் கிராசிங்கில் ஒரு கருவிக்கு ஒரே தீவு. புதுப் பயனர் யார் வந்தாலும் அதே தீவில்தான் குடியேறுவார், தம்பி நட்டு வளர்த்த பூக்களைப் பிடுங்கவும் செய்வார். ஸ்விட்ச் பழுதாகிக் கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அம்மாவின் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அம்மா முறைத்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

முறுக்கு கொண்டுபோனேன். ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 22, புதன்

ரீடர் வந்துவிட்டது. தீப்பெட்டி அளவுகூட இல்லாத பலகை. ஒருபுறம் கேசட், மறுபுறம் யூஎஸ்பி. சேவ் கோப்பை இறக்கினேன்: 32 கிலோபைட். அவன் படிப்பைக்கூட விட்டுவிட்டுக் கிடந்த விடுமுறைகள் எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பேசிப் படத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஒருமுறை இறக்கியதை நம்பக் கூடாது. இன்னொரு முறை இறக்கி, இரண்டுக்கும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டேன். ஒத்துப்போகவில்லை. வயிற்றைப் பிசைந்தது. கேசட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் செம்பு நிறத் தொடுமுனைகளைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுத்துப்போய் வந்தது. இந்த ஊர் ஈரத்துக்கு உலோகம் எதுவும் தப்பாது. மறுபடி இறக்கினேன், பிறகு மீண்டும் இறக்கினேன். எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒன்றாக இருந்தன.

கோப்புகள் ஒத்திருந்தாலும் திறந்து பார்க்கும்வரை அது சேவ் ஆகாது. விளையாட்டையும் கேசட்டிலிருந்தே இறக்கி, கணினியைக் கேம்பாய் போல் இயங்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளில் இரண்டையும் சேர்த்துத் திறந்தேன். 'கன்டினியூ'வை அழுத்தியதும் சிறு கட்டம் வந்தது. பெரிய எழுத்துகளில் அவன் பெயர், கீழே பேட்ஜ் 16. உள்ளே போனேன். ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

மடிக்கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு மின்னஞ்சலில் ஒன்று. இது என்னவென்று சித்தப்பா கேட்டார். அழிக்காதீர்கள் என்று மட்டும் பதில் போட்டேன்.

அக்டோபர் 23, வியாழன்

திரையைப் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். இனிப் பேட்டரியை மாற்றலாம், புதியது போட்டதும் அதே ரீடரால் சேவ் கோப்பைத் திரும்ப எழுதிவிடலாம் என்றேன். நான் வந்த பிறகு மாற்று என்கிறான். எப்போது வருவாய் என்று கேட்க முடியுமா? 2.7 என்று இன்றும் சொல்லவில்லை. நகல் மூன்று இடத்தில் இருக்கும்போது எண்ணுக்கு என்ன முக்கியம் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அவனுக்கு வேண்டியது கோப்பு அல்ல, அந்தக் கேசட்டில் வரும் அந்த வரி.

ஆறு இலக்க எண்ணை வாங்கிக்கொண்டேன். வார்டு வாசலிலேயே உட்கார்ந்து புதிய அட்டையைச் சேர்த்து, மாற்று எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 25, சனி

மாலையிலிருந்து இடி. பக்கத்தில் எங்கோ விழுந்து வீட்டில் மின்சாரம் டிரிப் ஆனது. ஹார்டு டிஸ்கில் நகல் போய்க்கொண்டிருந்த நேரம். மடிக்கணினி பேட்டரியில் ஓடியதால் நிற்கவில்லை, ஆனாலும் எஸ்ஹெச்ஏ-வை மறுபடி ஒப்பிட வேண்டும். நாளை 26, சந்தாப் பணம் கழிந்ததா என்று காலையில் முதலில் பார்க்க வேண்டும். டாக்டர் எங்கள் இருவரையும் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தம்பி கேசட்டை எடுத்துவரச் சொன்னான், கேம்பாய்க்கு இரண்டு ஏஏ பேட்டரி வாங்க