பெரியப்பாவின் கரிக்கோச்சி நெகட்டிவ்கள்

ஜூன் 8, 2024, ஹட்டன், இலங்கை

பெரியப்பாவின் பிஸ்கட் டின்னை இன்றைக்குத்தான் திறந்தோம். உள்ளே பதினோரு சுருள். ஒன்றைத் தவிர எல்லாம் 1962க்கும் 1965க்கும் இடையில் பாக்ஸ் கேமராவில் எடுத்த கரிக்கோச்சிப் படங்கள், அதாவது கரியில் ஓடும் நீராவி ரயில்கள். ஹட்டன் ஈரம் சும்மா விடுமா? நான்கு சுருளில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. மிச்சத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தோம். நெகட்டிவில் கரும்புகை வெள்ளையாகவும் நீராவி கறுப்பாகவும் இருந்ததால் எனக்குக் குழப்பம். பெரியப்பா கண்ணாடி கூடப் போடாமல் எது எதுவென்று சொன்னார்.

தாத்தா நாவலப்பிட்டி ரயில் எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளியவர். 1954இல் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்ததுமே, "இனி கரிக்கோச்சி கொஞ்சக் காலந்தான்" என்று வீட்டில் சொன்னாராம். அதைக் கேட்டு வளர்ந்த பெரியப்பா இருபது வயதில் கேமரா வாங்கிவிட்டார்.

ஜூன் 9

இன்று முழுக்க ஸ்கேன். ஒரு சுருளுக்கு எட்டே படம்.

"கோச்சி குறுக்கே ஓடுறப்ப எடுத்தா இழுபட்டுப் போகும் மகன். வளைவுல நின்னு, எதிர வர்றப்ப எடுக்கணும்."

ஏறுகிற கோச்சியாகவும் இருக்க வேண்டுமாம். இறக்கத்தில் நீராவியை அடைத்துவிடுவார்கள், புகைபோக்கியில் பார்க்க ஒன்றும் இருக்காது. நம் பாதையில் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வருகிற இடங்களில் எஞ்சின் மூச்சு வாங்கும். அதுவும் விடியற்குளிரில் நீராவி திரண்டு நிற்கும். வெயில் ஏறினால் கரைந்துவிடும். அதற்காக இருட்டோடு எழுந்து ரொசல்லப் பக்கம் நடந்திருக்கிறார்.

ஆறாவது சுருளில் ஒரு கெரட் எஞ்சின் இருக்கிறது. மான்செஸ்டரில் பேயர் பீக்கொக் கம்பெனி செய்தது. இந்த வகை இங்கே முதலில் வந்தது 1927இல். நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதிகள். அவ்வளவு நீள எஞ்சின் மலை வளைவுகளில் போனது அதனால்தான். படத்தில் முன்பாதி வெளியே வந்துவிட்டது, பின்பாதி இன்னும் மண்மேட்டுக்குப் பின்னால். தலையில் துண்டு கட்டிய, எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மன் வெளியே எட்டிப் பார்க்கிறார். பெரிதாக்கினால் புருவத்தில் கரித்தூள் கூடத் தெரிகிறது. எஞ்சினை விட எனக்கு அந்த முகம்தான் பிடித்தது.

ஜூன் 16

மழை விட்டதும் அந்த வளைவைத் தேடிப் போனேன். மண்மேடு அப்படியே இருக்கிறது. பெரியப்பா நின்ற இடத்தில் இப்போது டர்பன்டைன் மரங்கள், பாதையே தெரியவில்லை. டீசல் கோச்சி ஒன்று போனது, சத்தம் மட்டும் கேட்டது.

ஜூன் 17

கடைசிச் சுருள் 1972. அதில் ஒரே ஒரு படம். ஹட்டன் பிளாட்பாரம், சனக்கூட்டம், ஒரு தகரப்பெட்டி. பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் எழுதியது: மண்டபம் கேம்ப். பக்கத்தில் அத்தை, இடுப்பில் பிள்ளை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை ஏற்றிப்போன கோச்சி. ஒப்பாரிக் கோச்சி என்றுதான் நம் சனம் சொல்லும். தலைமன்னார் வரை அதில், அப்புறம் கப்பல்.

"எஞ்சின் எது பெரியப்பா, டீசலா?"

"பார்க்கல மகன்."

மிச்சம் ஏழு படத்தையும் அவர் எடுக்கவே இல்லை. நாளைக்கு இந்த ஒன்றை மட்டும் பெரிதாகப் பிரின்ட் போடக் கொடுக்கிறேன். அத்தையின் முகம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, பரவாயில்லை.