நீலத்தையும் பழுப்பையும் மாற்றிப் பூசிய நாள்

போட்டித் தேர்வுக்குப் புவியியல் படித்தபோது என்னை அதிகம் குழப்பியது கடலோரம்தான். நீரிணை (இரு நிலங்களுக்கு நடுவே குறுகிய நீர்), நிலச்சந்தி (இரு கடல்களுக்கு நடுவே குறுகிய நிலம்), விரிகுடா, வளைகுடா என்று வரையறைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மாதிரித் தேர்வில் "இரு நிலப்பரப்புகளை இணைப்பது எது?" என்ற கேள்விக்குக் கொஞ்சமும் தயங்காமல் நீரிணை என்று குறித்தேன். எல்லாம் தெரிந்திருந்தது, தலைகீழாக!

அன்று இரவு ஒரே கோட்டுப் படத்தை இரண்டு தாள்களில் வரைந்தேன். நீலம் என்றால் நீர், பழுப்பு என்றால் நிலம். முதல் தாளில் நீலம் பூசிய இடத்துக்கு இரண்டாவதில் பழுப்பும், பழுப்பு பூசிய இடத்துக்கு நீலமும் பூசினேன். நீரிணை நிலச்சந்தி ஆகிவிட்டது. தீவு ஏரியானது, தீபகற்பம் வளைகுடாவானது. ஆறு பெயர்கள் மூன்று ஜோடிகளாகச் சுருங்கின.

பிறகு முதல் ஜோடியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் பிடித்தேன். ஜிப்ரால்டர் நீரிணை ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிக்கிறது, அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் சேர்க்கிறது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 14 கி.மீ.தான். பனாமா நிலச்சந்தி நேர் எதிர்: இரு அமெரிக்காக்களைச் சேர்த்து, இரு பெருங்கடல்களைப் பிரிக்கிறது. கப்பல்களுக்கு அந்தத் தடையை நீக்கத்தான் அங்கே கால்வாய் வெட்டி 1914-ல் திறந்தார்கள்.

விரிகுடாவுக்கும் வளைகுடாவுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் இந்த வித்தைக்கு அடங்காது. முன்னதற்கு வாய் அகன்றிருக்கும், பின்னதற்குக் குறுகியிருக்கும் என்பது பொது விதி. அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். வங்காள விரிகுடாவுக்கு முன் பாரசீக வளைகுடா மிகச் சிறியது. பெயர் வைத்தவர்கள் வரையறை பார்த்து வைக்கவில்லை. காஸ்பியன் 'கடலை'யே பாருங்கள், நாலாபுறமும் நிலம் சூழ்ந்த ஏரி அது. இப்படிப்பட்ட முரண்களைத் தனிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம்.

அலை கொண்டுவரும் மணல் படிவதால் உருவாகும் நிலத்தோற்றங்கள் எளிது: மணல் திட்டு நீண்டு கடலின் ஒரு பகுதியை அடைத்தால் காயல்.

அரிப்பை மட்டும் பட்டியலாகப் படிக்காமல் கதையாகப் படியுங்கள். அலை ஓங்கலை (கடலோரச் செங்குத்துப் பாறையை)க் குடைந்தால் கடல் குகை. குகை மறுபக்கம் திறந்துகொண்டால் கடல் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் தனித்து நிற்பது கடல் தூண். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் 'லண்டன் பிரிட்ஜ்' என்ற பாறையில், நிலத்தோடு ஒட்டியிருந்த வளைவு 1990-ல் இடிந்து விழுந்தது. கடல் பக்கம் போயிருந்த இருவர் திரும்ப வழியில்லாமல் நின்றார்கள்; ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. அந்த இருவரை நினைவில் வைத்திருப்பதால், வளைவு முந்தியா தூண் முந்தியா என்று நான் பிறகு தடுமாறியதே இல்லை.