சிகரெட்டை விட்ட முதல் வாரம்

பீடி, சிகரெட்டை நிறுத்தினால் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை உச்சத்துக்குப் போகும். 2 முதல் 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். புகையை விட்டதும் சிலருக்கு வரும் மலச்சிக்கலுக்கு நம்ம தர்மபுரிக் களியும் கீரைக் கடைசலும் நல்லது, தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள்.

டீயைக் குறைப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. புகை நின்றதும் டீயில் இருக்கும் காஃபின் உடம்பில் அதிக நேரம் தங்கும். வழக்கமான நாலு டீயே படபடப்பைக் கூட்டும். பாதியாக்குங்கள்.

புகை ஏக்கத்தைத் தணிக்கப் போடும் நிக்கோட்டின் சூயிங்கம்மை மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாக்கில் காரம் தெரியும்வரை மெதுவாக மெல்லுங்கள். பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். டீ குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக இறங்காது. எழுந்த 30 நிமிடத்துக்குள் பற்ற வைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

இருமல் கூடினால் பயப்படாதீங்க, நுரையீரல் சளியை வெளியே தள்ளுகிறது. சளியில் ரத்தம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடுவதற்கு ஆலோசனை வேண்டுமென்றால் 1800-11-2356, இலவச எண்.