ஃபோர்த் இடைவெளியால் திரும்பி வந்த தாள்கள்

இணையவழிச் சான்றிதழ் வகுப்பில் கவுண்டர்பாயிண்ட் (மேற்கத்திய இசையில் ஒரு குரலோடு சேர்ந்து ஒலிக்க இன்னொரு தனிக் குரலை எழுதும் கலை) கற்கச் சேரப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களுடைய விதி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஃபோர்த் (ஒரு சுரத்தையும் சேர்த்து எண்ணினால் நான்காவது சுரம் வரையிலான இடைவெளி) எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு வந்த அட்டவணையில் யூனிசன் (ஒரே சுரம்), ஃபோர்த், ஃபிஃப்த் (ஐந்தாவது), ஆக்டேவ் (எட்டாவது) நான்கும் ‘முழு இசைவு’ என்ற ஒரே கட்டத்தில் இருந்தன. தேர்டும் சிக்ஸ்தும் ‘குறை இசைவு’. செகண்ட், செவன்த், டிரைடோன் (மூன்று முழுச்சுர இடைவெளி) மூன்றும் ‘முரண்’, அதாவது சேர்ந்து ஒலித்தால் உறுத்துபவை.

பாடத்திட்டமோ, வியன்னாவில் ஜோஹான் ஜோசஃப் ஃபூக்ஸ் 1725-இல் வெளியிட்ட ‘கிராடஸ் அட் பர்னாசம்’ நூலின் ஐந்து ஸ்பீசிஸ் (படிப்படியான பயிற்சி வகைகள்) முறை. அந்த முறையில் இரண்டே குரல்கள் இருக்கும்போது கீழ்க்குரலுக்கு மேலே நிற்கும் ஃபோர்த் முரண்தான். தேர்டுக்கு இறங்கத் துடிக்கும் ஒலி அது. அதன்மேல் குரல் இளைப்பாற முடியாது. இந்த ஒரு வரி அட்டவணையில் இல்லை. சந்தேகம் வந்து ஆசிரியரிடம் கேட்டேன். “அட்டவணையில் உள்ளபடி எழுதுங்கள். ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் நகராது” என்றார். எழுதினேன். அதே நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் ஒவ்வொரு ஃபோர்த்தையும் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மறுமதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் வேறு. அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பிய பிறகும் “விதிகளைக் கவனமாகப் படிக்கவும்” என்றுதான் பதில் வந்தது. கட்டணத்தைக் கட்டித்தான் தீர வேண்டியிருந்தது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதன்பிறகு அட்டவணையை மூடிவைத்துவிட்டு, ஃபூக்ஸின் மொழிபெயர்ப்பை நேராகப் படிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் அலோய்சியஸும் மாணவர் ஜோசஃபஸும் பேசிக்கொள்வதாகவே நூல் நகர்கிறது. மாணவர் ‘ஏன்?’ என்று கேட்கிறார். ஆசிரியர் பதில் சொல்கிறார். அலோய்சியஸ் என்பது ஃபூக்ஸ் பெரிதும் மதித்த பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவைக் குறிக்கும். பழைய அச்சுப் பிரதிகளைத் திறப்பவர்கள் சி-கிளெஃபுக்கு (சி சுரம் எந்தக் கோட்டில் என்று காட்டும் குறி) தயாராக இருங்கள்: சோப்ரானோவுக்கு முதல் கோடு, ஆல்டோவுக்கு மூன்றாம் கோடு, டெனருக்கு நான்காம் கோடு, மூன்றிலும் அதுதான் நடு சி.

அட்டவணை பக்கம் பக்கமாக நீட்டிய இயக்க விதிகளை ஃபூக்ஸ் நான்காகச் சொல்கிறார். அந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது: முழு இசைவை நோக்கி இரண்டு குரல்களும் ஒரே திசையில் போகக் கூடாது. எதிர்த்திசையில் போகலாம், அல்லது ஒன்று நிற்க மற்றது நகரலாம். பேரலல் ஃபிஃப்த் (இரு குரலும் சேர்ந்து நகர்ந்து அடுத்தடுத்து ஃபிஃப்த் வருவது), பேரலல் ஆக்டேவ், மறைந்த ஃபிஃப்த் (வேறு இடைவெளியிலிருந்து ஒரே திசையில் ஃபிஃப்த்துக்குப் போவது) எல்லாம் இதற்குள் அடங்கிவிடுகின்றன. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி சான்றிதழ் வந்த நாளில்கூட இல்லை.

காரணத்தைக் காதால் அறிய ஒரு சோதனை செய்தேன். என் அண்ணி தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுபவர். ஃபூக்ஸின் புகழ்பெற்ற டோரியன் கான்டஸை (டி-யை அடிப்படையாகக் கொண்ட பழைய மோடில், அதாவது சுரவரிசையில், அமைந்த ஆதார மெட்டு) அவர் பாடினார்: டி எஃப் ஈ டி ஜி எஃப் ஏ ஜி எஃப் ஈ டி. அதன்மேல் வேண்டுமென்றே ஆக்டேவாகவே ஒரு வரி எழுதி நான் பாடினேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். “நான் பாடுவது தனியாகவே கேட்கவில்லையே, தம்பி” என்றார். அடுத்து ஃபூக்ஸ் தரும் மேல்வரி: ஏ ஏ ஜி ஏ பி சி சி பி டி சி-ஷார்ப் டி. இப்போது இரண்டும் இரண்டு குரல்களாகவே கேட்டன. கடைசிக்கு முந்தைய இடத்தில் அவர் ஈ-யில் இருக்க, நான் சி-ஷார்ப்பில் நிற்கிறேன். அந்த மேஜர் சிக்ஸ்த் விரிந்து ஆக்டேவில் போய்ச் சேரும்போது பாட்டு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. விதிகள் காப்பாற்றுவது குரல்களின் தனித்தன்மையை. இதை முதல் வகுப்பிலேயே பாடிக் காட்டியிருக்கலாம்.

இரண்டாம், மூன்றாம் ஸ்பீசிஸ்கள் சிக்கலில்லாமல் முடிந்தன.

நான்காவதில்தான் மீண்டும் சோதனை. இணையத்தில் கிடைத்த சரிபார்க்கும் செயலி ஒன்றை நம்பச் சொல்லியிருந்தார்கள். அது என் சஸ்பென்ஷன்கள் எல்லாவற்றையும் ‘வலு அடியில் முரண்’ (தாளத்தில் அழுத்தம் விழும் அடியில் முரண்) என்று தள்ளியது. வலு அடியில் முரண் வராவிட்டால் அது சஸ்பென்ஷனே அல்ல! இசைவாக ஒலித்த சுரத்தை அப்படியே இழுத்துப் பிடிக்கிறோம்; கீழே கான்டஸ் நகர்ந்ததும் அது முரணாகிறது; பிறகு ஒரு படி இறங்கி இசைவில் அமர்கிறது. கான்டஸின் கடைசிக்கு முந்தைய அதே ஈ-யின் மேல் டி-யை இழுத்துப் பிடித்தால் செவன்த், சி-ஷார்ப்புக்கு இறங்கினால் சிக்ஸ்த், பிறகு டி-யில் ஆக்டேவ். அண்ணியுடன் அதைப் பாடியபோது அந்த செவன்த்தில் இருவருக்குமே உடல் சிலிர்த்தது. செயலி தடுத்தது இதைத்தான். உண்மையில் பிடிக்க வேண்டியதையோ அது விட்டுவிட்டது: கான்டஸ் ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற, மேல்குரல் பி-யிலிருந்து மேலே ஈ-க்குத் தாவினால் அது மறைந்த ஃபிஃப்த். செயலி பச்சை விளக்கு காட்டியது. இயந்திரத்தை நம்பித் தாளை அனுப்பாதீர்கள்.

சஸ்பென்ஷன் தொடரைச் சோதிக்க ஒரு வழி: இழுப்பை நீக்கிவிட்டு, இறங்கிச் சேரும் சுரங்களை மட்டும் கான்டஸுடன் வைத்துப் பாருங்கள். 7-6 தொடரில் (செவன்த் சிக்ஸ்துக்கு இறங்குவது) வெறும் சிக்ஸ்த்கள் மிஞ்சும், 4-3 தொடரில் தேர்டுகள் மிஞ்சும்; குறையில்லை. 9-8 தொடரில் ஆக்டேவ்கள் வரிசையாக நிற்கும். இழுத்துப் பிடித்ததால் அந்தத் தவறு மறைந்துவிடாது.

திருத்தித் தர ஆள் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று: இசையமைப்பாளர் ஹெய்டன் இந்த நூலைக் கொண்டு தானாகவே கற்றவர். பீத்தோவன் வியன்னாவில் ஹெய்டனிடம் எழுதிய பயிற்சிகளில் ஹெய்டன் திருத்தியது சிறு பகுதிதான். பிறகு ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்ற இன்னொரு வியன்னா ஆசிரியரிடம் போய்த்தான் பீத்தோவன் இன்னும் கண்டிப்பாகப் பயின்றார்.

ஒவ்வொரு ஸ்பீசிஸையும் கான்டஸுக்குக் கீழேயும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எங்கள் வகுப்பில் மேல்குரல் மட்டுமே சொல்லித்தந்தார்கள். இறுதித் தேர்வில் வந்ததோ கீழ்க்குரல். கீழே ஃபிஃப்த்தில் தொடங்கக் கூடாது: டி-க்குக் கீழே ஜி வைத்தால் காது அதை ஜி-யின் மோடாகவே எடுத்துக்கொள்ளும். யூனிசன் அல்லது ஆக்டேவில்தான் தொடங்க வேண்டும். நான்காம் ஸ்பீசிஸின் முடிவில் செவன்த்துக்குப் பதில் செகண்ட் வரும்: மேலே கான்டஸ் ஈ-யில் நிற்க, கீழ்க்குரல் டி-யை இழுத்துப் பிடித்து, சி-ஷார்ப்புக்கு இறங்கி மைனர் தேர்டாகி, டி-யில் யூனிசனாகச் சேரும். வகுப்பில் தராத இந்தப் பாடத்தைத் தேர்வுக்கு முன்பே நானாக எழுதிப் பாடி வைத்திருந்தேன். அந்தத் தாள் மட்டும் ஒரு சிவப்பு வட்டமும் இல்லாமல் வந்தது.