அரண்மனை மைதானத்தில் மிஸஸ் மூர்

பெங்களூரு அரண்மனை மைதானத்தில் இப்போது கல்யாணப் பந்தல்களும் கண்காட்சிக் கொட்டகைகளும் மாறி மாறி எழும்பி மறைகின்றன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே நிலத்தில் சந்திரபூர் என்ற ஊர் ஒன்று சில மாதங்கள் இருந்தது. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலைப் படமாக்க வந்த டேவிட் லீன், கதையில் வரும் அந்தக் கற்பனை ஊரின் கடைத்தெருவை இங்கே செட்டாகப் போட்டிருந்தார். அல்சூரில் குடியிருந்த என் தாய்மாமா அந்த செட்டில் தச்சு வேலை பார்த்தவர். பின்னாளில் வாடகை வீடியோவில் எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டபோது, அவர் நடிகர்கள் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைத்தெரு வரும் இடங்களில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, தாம் இழைத்த ஜன்னல் சட்டம் எது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததெல்லாம், இந்தியாவைக் காண வரும் ஆங்கில மூதாட்டி மிஸஸ் மூராக வந்த அந்த முதிய நடிகையை மட்டுமே. அவர் பெயர் பெகி ஆஷ்கிராஃப்ட். அன்று தொடங்கி இன்றுவரை, கிடைத்ததையெல்லாம் தேடிப் பார்த்தும் படித்தும் அவரைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறேன்.

அவர் 1907 டிசம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கேயுள்ள கிராய்டனில் பிறந்தார். தந்தை முதல் உலகப்போரில் இறந்தார். தாய்க்கு நடிப்பில் ஆர்வம் உண்டு. எல்சி ஃபோகர்ட்டி என்னும் ஆசிரியையிடம் பாடம் கேட்டவர். அதே ஃபோகர்ட்டி நடத்திய பேச்சு, நாடகப் பள்ளியில் மகளும் பதினாறு வயதில் சேர்ந்தார். லாரன்ஸ் ஒலிவியர் அங்கே அவருடன் படித்தவர். படிப்பு முடிவதற்குள்ளாகவே, 1926இல், பர்மிங்ஹாம் ரெப்பர்ட்டரி அரங்கில் ரால்ஃப் ரிச்சர்ட்சனுடன் நடித்துத் தொழில்முறை மேடைக்கு வந்துவிட்டார்.

அவருடைய வாழ்க்கையில் நான் அதிக நேரம் நின்று யோசிப்பது 1930ஆம் ஆண்டைப் பற்றித்தான். அந்த ஆண்டு லண்டன் சவாய் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகம் நடந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சன் கறுப்பினத் தளபதி ஒத்தெல்லோவாகவும், இருபத்திரண்டு வயது ஆஷ்கிராஃப்ட் அவனுடைய வெள்ளைக்கார மனைவி டெஸ்டிமோனாவாகவும் நடித்தனர். வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒத்தெல்லோவாக வருவது அன்றைய இங்கிலாந்தின் வழக்கம்; உண்மையிலேயே கறுப்பரான ஒருவர் மேடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை முத்தமிடுவதைப் பார்வையாளரில் சிலரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வசைக் கடிதங்கள் அந்த இளம் நடிகைக்கே வந்தன. நிறவெறி என்பது என்ன என்று தமக்குப் புரியவைத்தது அந்த அனுபவம்தான் எனப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த நாடகத்தில் டெஸ்டிமோனாவின் பணிப்பெண் எமிலியாவாக நடித்தவர் சிபில் தார்ன்டைக். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து பி.பி.சி. தொலைக்காட்சி ஃபார்ஸ்டரின் கதையை நாடகமாக ஒளிபரப்பியபோது மிஸஸ் மூராக நடித்தவரும் அதே தார்ன்டைக்தான். அந்த நாடக வடிவத்தை எழுதிய சாந்தா ராமா ராவ் சென்னையில் பிறந்தவர். 1930இல் ஒரே மேடையில் நின்ற டெஸ்டிமோனாவும் எமிலியாவும் தத்தம் முதுமையில் ஒரே பாத்திரத்தை வந்தடைந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1935இல் லண்டன் நியூ தியேட்டரில் ஜான் கீல்குட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' இங்கிலாந்தின் நாடக வரலாற்றில் தனி இடம் பெற்றது. கீல்குட்டும் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ ஆகிய இரு வேடங்களையும் முறை மாற்றி நடித்தனர். செவிலியாக எடித் எவன்ஸ் வந்தார். ரோமியோ யாராக இருந்தாலும் ஜூலியட் மட்டும் மாறவில்லை. கவிதையைப் பாடுவதுபோல் ஒருவரும், பேசுவதுபோல் மற்றவரும் சொல்ல, இரண்டு வகை ரோமியோக்களுக்கும் ஈடுகொடுத்து ஒரே ஜூலியட்டாக நிற்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை நாடக மேடை ஏறியவர்கள் அறிவார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, கொமிசார்ஜெவ்ஸ்கி இயக்கிய செக்காவின் 'கடல் பறவை'யில் நினாவாக நடித்தார். அந்த ரஷ்ய இயக்குநர் சில காலம் அவருடைய கணவராகவும் இருந்தார். மூன்று முறை மணம் செய்து மூன்று முறையும் பிரிந்தவர் ஆஷ்கிராஃப்ட். அதைப் பற்றி இங்கே விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்த ஜூலியட்டை இன்று நாம் பார்க்க முடியாது என்பதுதான் என் ஆதங்கம். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் கே. பி. சுந்தராம்பாளின் நினைவு வரும். 1908இல் கொடுமுடியில் பிறந்த அவரும் ஆஷ்கிராஃப்டும் ஏறத்தாழ ஒரே வயதினர். எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையேறி ஊர் ஊராக மக்களைக் கட்டிப்போட்ட அந்த இளம் வள்ளியை, என் தலைமுறையினர் திருநீறணிந்து கோலூன்றி வந்த ஔவையாராக மட்டுமே அறிவோம். இசைத்தட்டுகள் இருந்ததால் அந்தக் குரலாவது மிஞ்சியது. மேடையையே வாழ்க்கையாகக் கொண்டவர்களின் இளமை அவர்களைப் பார்த்தவர்களோடு போய்விடுகிறது.

இளம் ஆஷ்கிராஃப்டைத் திரையில் காண வேண்டுமானால் 1935இல் ஹிட்ச்காக் எடுத்த 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தைப் பார்க்கலாம். போலீசுக்குத் தப்பி ஓடும் நாயகனுக்கு ஸ்காட்லாந்தின் ஒரு குடியானவர் வீட்டில் ஓரிரவு இடம் கிடைக்கிறது. கடுகடுத்த, சந்தேகக்காரக் கணவனுடன் வாழும் இளம் மனைவியாக ஆஷ்கிராஃப்ட் சில நிமிடங்கள் வருகிறார். நகரத்துப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று அவர் கேட்கும் கேள்வியில் ஒரு முழு வாழ்க்கையின் ஏக்கம் இருக்கிறது. கணவனின் மேலங்கியை அந்த அந்நியனுக்குக் கொடுத்து அனுப்புகிறார். அதன் பையிலிருந்த பாடல் புத்தகம்தான் பின்பு குண்டு பாயாமல் அவன் உயிரைக் காக்கிறது. கதை அவனுடன் ஓடிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்று மனம் அங்கேயே நின்றுவிடும்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் ஏற்ற பெரிய வேடங்களை வரிசையாக அடுக்கினால் இந்தப் பதிவு பட்டியலாகிவிடும். 1954இல் நார்வே நாடகாசிரியர் இப்சனின் ஹெட்டா கேப்ளராக நடித்ததற்காக நார்வே மன்னரே பதக்கம் அளித்தார் என்பதையும், 1956இல் 'டேம்' என்னும் பிரிட்டிஷ் அரசுப் பட்டம் பெற்றார் என்பதையும், கிராய்டனில் 1962இல் திறக்கப்பட்ட அரங்கத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள் என்பதையும் சொல்லி நகர்கிறேன். ஆனால் பீட்டர் ஹால் 1960களின் தொடக்கத்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியைக் கட்டியெழுப்பியபோது, புகழின் உச்சியில் இருந்த ஆஷ்கிராஃப்ட் அந்தக் குழுவில் ஒருவராகச் சேர்ந்துகொண்டதைச் சொல்லாமல் விட முடியாது. நட்சத்திரத்தை நம்பாமல் நிரந்தரக் குழுவை நம்பும் நாடகத்தின் மேல் அவருக்கு இளமையிலிருந்தே பிடிப்பு உண்டு. 1963இல் அந்தக் குழு ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைச் சுருக்கி, 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' என்ற பெயரில் மூன்று நாடகங்களாக அரங்கேற்றியது. பிரான்சிலிருந்து மணப்பெண்ணாக வரும் இளம் மார்கரெட்டாக அறிமுகமாகி, போர்க்களத்தில் ரத்தம் காணும் அரசியாக வளர்ந்து, எல்லாரையும் சபித்துத் திரியும் கிழவியாக முடியும் அந்தப் பாத்திரத்தை ஐம்பதுகளின் நடுவில் இருந்த ஆஷ்கிராஃப்ட் ஏற்றார். பி.பி.சி. அதைப் பதிவுசெய்து 1965இல் ஒளிபரப்பியது. டொனால்டு சின்டன் நடித்த யார்க் கோமகனின் தலையில் காகிதக் கிரீடத்தை வைத்து, அவருடைய பிள்ளையின் ரத்தத்தில் தோய்ந்த துணியை நீட்டும் காட்சியில், மார்கரெட்டின் கொடூரத்துக்கு அடியில் அவளுக்கே ஏற்படும் கிலியும் தெரிகிறது.

இந்தியாவுக்கும் அவருக்குமான தொடர்பு முதுமையில்தான் ஏற்பட்டது. ஜோத்பூரில் எடுக்கப்பட்டு 1978இல் வெளிவந்த ஜேம்ஸ் ஐவரியின் படமொன்றில், மகாராஜா ஒருவரின் ஓவியச் சேகரிப்பைக் கைப்பற்றத் துடிக்கும் ஆங்கிலச் சீமாட்டியாக நடித்தார். மகாராஜாவாக நடித்தவர் விக்டர் பானர்ஜி. அவரே சில ஆண்டுகளில் லீனின் படத்தில் மிஸஸ் மூரின் இந்திய நண்பர் டாக்டர் அஸீஸ் ஆனார். அதற்கு முன்பு 'தி ஜூவல் இன் தி கிரவுன்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. பால் ஸ்காட்டின் நான்கு நாவல்களை கிரானடா நிறுவனம் பதினான்கு பகுதிகளாக எடுத்தது. 1984 ஜனவரியில் ஒளிபரப்புத் தொடங்கியது. அதில் ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியை பார்பி பேச்சலராக நடித்ததற்கு ஆஷ்கிராஃப்டுக்கு பாஃப்டா விருது கிடைத்தது.

ஆஸ்கார் வாங்கித் தந்தவர் மிஸஸ் மூர் என்றாலும், என்னைக் கேட்டால் பார்பியைத்தான் மேலே வைப்பேன். பார்பி ஓயாமல் பேசுபவர். சுற்றியிருக்கும் ராணுவக் குடும்பத்துச் சீமாட்டிகள் அவரைத் தங்களில் ஒருவராகக் கருதுவதில்லை. தோழி இறந்ததும் இருந்த வீட்டிலிருந்தும் வெளியேற்றப்படுகிறார். தாம் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிடம் கடவுளைக் கொண்டுசேர்த்தோமா என்ற சந்தேகம் அவரை உள்ளே அரிக்கிறது. தமது பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்த குதிரைவண்டி கவிழ்ந்த பிறகு அவருடைய பேச்சு நின்றுவிடுகிறது. அதுவரை சொற்களைக் கொட்டிய ஒரு நடிகை, அதன்பின் மருத்துவமனை ஜன்னலருகே வெறும் முகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, அந்த மௌனத்துக்கு முந்தைய அத்தனை பேச்சும் ஏன் தேவைப்பட்டது என்று நமக்குப் புரிகிறது.

மிஸஸ் மூராக நடிக்கக் கேட்டபோது தமக்கு வயது எழுபத்தைந்து என்று ஆஷ்கிராஃப்ட் தயங்கினார் என்றும், எனக்கும் அதே வயதுதான் என்று லீன் பதில் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. லீன் 1908இல் பிறந்தவர் என்பதால் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. படப்பிடிப்பு எங்கள் ஊரைச் சுற்றி நடந்தது. ஃபார்ஸ்டரின் மராபார் குகைகளுக்கு மூலம் பீகாரின் பராபர் மலைக் குகைகள். லீன் தேர்ந்தெடுத்ததோ மாகடி அருகே ஒற்றைக் கல்லாக எழும் சாவனதுர்க்கத்தையும் ராமநகரப் பாறைகளையும். 'ஷோலே'யின் கப்பர் சிங் உலவிய பாறைகளும் ராமநகரத்தவைதான். குகைகளை நோக்கிப் புகைவிட்டு ஏறும் ரயில் நம் மேட்டுப்பாளையம் – உதகை மலை ரயில். அந்த ரயிலில் ஒருமுறையாவது போன தமிழர் யாரும் பெட்டிகளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். பீகார்ப் பின்னணியில் அது வருவதைப் பார்த்து எங்கள் வீட்டில் சிரித்தோம்.

இரவில் தனியாக மசூதிக்குள் வந்து நிற்கும் மிஸஸ் மூரை, செருப்போடு நுழைந்துவிட்டதாக நினைத்து அஸீஸ் கடிந்துகொள்கிறார். அவரோ ஏற்கெனவே கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறார். இதை ஆஷ்கிராஃப்ட் நல்ல குணத்தின் விளம்பரமாக ஆக்குவதில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் செய்ய வேண்டியதைச் செய்தவருக்கு அதை எடுத்துச் சொல்ல நேரும்போது ஏற்படும் சிறு கூச்சத்தோடு பேசுகிறார். குகைக்குள் நெரிசலிலும் எதிரொலியிலும் மூச்சுத் திணறி வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்தபின், கடவுளில்லாத அண்டத்தில் நாமெல்லாம் வந்துபோகும் உருவங்கள்தானோ என்ற பொருளில் பேசும்போதும் குரலை உயர்த்துவதில்லை. அதற்குப்பின் அவர் கப்பலேறி, நடுக்கடலிலேயே இறந்துபோகிறார். ஆனாலும் குகையில் ஓர் ஆங்கிலப் பெண்ணிடம் அத்துமீறியதாக அஸீஸ் மீது வழக்கு நடக்கும்போது நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் அவர் பெயரைத்தான் கூவுகிறது. வெள்ளையர் போட்ட நிறக்கோட்டைத் தாண்டி, அதற்கான விலையையும் கொடுத்த பெண்ணை ஆஷ்கிராஃப்ட் 1930லேயே ஒருமுறை நடித்துப் பார்த்துவிட்டார். அந்த வசைக் கடிதங்களைப் படித்த கண்கள்தான் சந்திரபூரின் ஆங்கிலேயர் கிளப்பைப் பார்க்கின்றன என்று நான் எண்ணிக்கொள்வேன்.

1985 மார்ச் 25 அன்று சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அந்தப் பிரிவில் அவரைவிட மூத்தவர் யாரும் இன்றுவரை வென்றதில்லை. விழாவுக்கு அவர் போகவில்லை. ஏஞ்சலா லான்ஸ்பரி அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். அன்று டேவிட் லீனின் பிறந்தநாளும்கூட. 1989இல் ஜெரால்டின் ஜேம்ஸுடன் நடித்த படத்துக்காக வெனிஸ் விழாவில் இருவரும் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டனர். மேடையையோ அவர் 1980களின் தொடக்கத்தில், ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் மூத்த கோமகளாக நடித்ததோடு விட்டுவிட்டிருந்தார்.

அவர் 1991 ஜூன் 14 அன்று லண்டனில் காலமானார். செய்தியைப் படித்துவிட்டு அல்சூருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். எந்தப் பாட்டி என்று கேட்டார். மசூதியில் செருப்பைக் கழற்றியவர் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கடைத்தெருவைப் பிரித்தபோது அத்தனை ஜன்னல்களையும் யார் எடுத்துக்கொண்டு போனார்களோ என்று அவர் தம் விசாரத்துக்குத் திரும்பிவிட்டார்.