புதுப்பள்ளி நாட்குறிப்பு

18 ஜூலை 2023, செவ்வாய்

அதிகாலை 4.25 மணிக்குப் பெங்களூரில் உம்மன் சாண்டி காலமானார். அரசு விடுமுறை அறிவித்திருப்பதால் இன்று அலுவலகம் இல்லை. தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து பிழைப்புக்காகக் கோட்டயம் வந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மரணத்துக்கு ஒரு தெரு முழுவதும் சொந்த வீட்டுத் துக்கம்போல் அடங்கிக் கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். இருமுறை கேரள முதலமைச்சராக இருந்தவர் என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்கார அம்மச்சி காலையிலிருந்து அவரை ஒருமுறைகூட அப்படிக் குறிப்பிடவில்லை. “நம்முடைய குஞ்ஞூஞ்ஞு போய்விட்டான்” என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1970 சட்டமன்றத் தேர்தலில், கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் காங்கிரஸ் வேட்பாளராக முதன்முதலாக நின்றபோது அவருக்கு வயது இருபத்தாறு. மாணவர் இயக்கத்தில் ஏ.கே. ஆன்டனியுடன் வளர்ந்தவர் என்பதைத் தவிர அப்போது அவருக்குப் பெரிய அடையாளம் இல்லை. மார்க்சிஸ்ட் வேட்பாளரை 7,288 வாக்குகளில் வென்றார். அதையும் சேர்த்து 2021 வரை பன்னிரண்டு தேர்தல்கள், ஒரே தொகுதி, ஒரு தோல்வியும் இல்லை. கடந்த ஆண்டு ஆகஸ்டில் கேரள காங்கிரஸ் தலைவராக இருந்த கே.எம். மாணியின் சாதனையைக் கடந்து, கேரளச் சட்டமன்றத்தில் மிக நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் என்ற இடத்தையும் பெற்றார்.

20 ஜூலை, வியாழன்

கோட்டயம் திருநக்கரை மைதானத்துக்கு விடியற்காலையிலேயே போய்விட்டேன். நேற்றுக் காலை ஏழு மணியளவில் அவர் உடலுடன் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட அரசுப் பேருந்து, நூற்றைம்பது கிலோமீட்டரைக் கடந்து இன்று முற்பகலில்தான் இங்கே வந்து சேர்ந்தது. எம்.சி. ரோடு என்னும் நெடுஞ்சாலையின் இருபுறமும் இரவெல்லாம் மழையில் மெழுகுவத்தியுடன் காத்திருந்தவர்களைத் தாண்டி வண்டியால் நகர முடியவில்லை. அரசு மரியாதை வேண்டாம் என்பது அவருடைய விருப்பம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டதால் துப்பாக்கி வேட்டுகளும் இல்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவரின் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. மகளின் சிகிச்சைக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து பணம் கேட்டு அவர் எழுதிய மனுவின் நகல். மேல் ஓரத்தில் சாய்வாக உம்மன் சாண்டியின் இரண்டு வரிக் குறிப்பு, கீழே கையொப்பம். மை பழுப்பேறி எழுத்து மங்கியிருந்தது. பணம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

23 ஜூலை, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுப்பள்ளி வீட்டில் அவர் மக்களைச் சந்திப்பது இந்த வட்டாரத்தில் நாள்காட்டியில் அச்சிடாத ஒரு வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்தையே அவர் மாநிலம் முழுவதற்கும் விரித்ததுதான் முதலமைச்சராக இருந்தபோது நடத்திய ஜனசம்பர்க்கம் என்னும் மக்கள் தொடர்புத் திட்டம். மாவட்டம் மாவட்டமாகப் போய், சாப்பாட்டையும் மறந்து, நள்ளிரவு தாண்டியும் நின்றுகொண்டே ஆயிரக்கணக்கான மனுக்களைக் கையில் வாங்கி உத்தரவு எழுதினார். 2013-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்சேவை விருது இதற்குக் கிடைத்தது. இடதுசாரிகளோ, கிராம அலுவலர் செய்ய வேண்டிய வேலையை முதலமைச்சர் செய்கிறார் என்று கேலி செய்தார்கள்.

அந்தக் கேலியை என்னால் முழுவதும் தள்ளிவிட முடியவில்லை. ஒரு விதவையின் ஓய்வூதியம் முதலமைச்சரின் பேனாவுக்காகக் காத்திருக்கிறது என்றால் கீழே இருக்கும் அலுவலகங்கள் எதற்காக இருக்கின்றன? அம்மச்சியிடம் இதைக் கேட்டேன். “நீ அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறாயா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டார்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

அவரை வெறும் மனு வாங்கும் மனிதராகவே இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். காங்கிரஸில் ஆன்டனியின் பெயரால் அமைந்த ‘ஏ’ கோஷ்டியைப் பல்லாண்டு காலம் கட்டி நடத்திய, கணக்குத் தெரிந்த அரசியல்வாதி அவர் என்பது இரங்கல் கட்டுரைகளில் கரைந்துபோகிறது. 1980-இல் காங்கிரஸிலிருந்து பிரிந்த ஆன்டனி பிரிவோடு இடதுசாரி அணியில் நின்று வென்றவர், மறு ஆண்டு முடிவதற்குள் கருணாகரன் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். அதே கருணாகரனோடு மோதி 1994-இல் நிதியமைச்சர் பதவியைத் துறந்தார். 2004 மக்களவைத் தேர்தல் தோல்வியால் ஆன்டனி விலகியபோது முதலமைச்சர் நாற்காலி இவரிடம் வந்தது. 2011-இல் 140 பேர் கொண்ட அவையில் 72 பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தாண்டையும் ஓட்டி முடித்தது, மனு வாங்கும் கையால் மட்டும் முடிகிற காரியமன்று.

அந்த ஆட்சியைச் சூரிய மின்தகடு மோசடி விவகாரம் விடாமல் துரத்தியது. தம் அலுவலகத்தில் நடப்பதை இணையத்தில் நாள் முழுவதும் நேரலையாகக் காட்டிய முதலமைச்சரின் ஊழியர்களே அதில் சிக்கினார்கள். அவர் பதவியில் இருக்கும்போதே விசாரணை ஆணையத்தின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து பதில் சொன்னார். இதையொட்டி அவர்மீது கூறப்பட்ட பாலியல் புகாரில் ஆதாரமில்லை என்று மத்தியப் புலனாய்வுத் துறை சொன்னது 2022-இன் கடைசியில். அதற்குள் உடல் தளர்ந்திருந்தது.

8 செப்டம்பர், வெள்ளி

இடைத்தேர்தல் வாக்கு எண்ணிக்கை. மகன் சாண்டி உம்மன் 37,719 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2021-இல் தந்தைக்குக் கிடைத்த வித்தியாசம் 9,044தான். அவர் ஒருபோதும் எட்டாத எண்ணிக்கையை அவருடைய மரணம் மகனுக்கு வாங்கித் தந்திருக்கிறது. பதினோரு மணிக்கே பட்டாசு தொடங்கிவிட்டது.

மாலையில் அவரை அடக்கம் செய்த புதுப்பள்ளி பெரிய பள்ளிக்குப் போனேன். தேவாலயத்தை இங்கே பள்ளி என்பார்கள். கல்லறையைச் சுற்றி மெழுகுவத்திகளும் பூக்களும். அவற்றுக்கு நடுவே கூழாங்கல் வைத்து அழுத்திய தாள்கள் இருந்தன. எட்டிப் பார்க்கக் கூடாதுதான், பார்த்துவிட்டேன். நான்காய் மடித்த நோட்டுப் புத்தகத் தாளில் ஒன்று விரிந்து கிடந்தது. பெயர், ஊர், குடும்ப அட்டை எண், அதன்கீழ் கோரிக்கை என்று வரிசைப்படி எழுதி, அடியில் கையொப்பமும் இட்டிருந்தார்கள். காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் இன்னொரு கல்லை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினேன்.