மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய்

13 நவம்பர் 2024, புதன்

நேற்று அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்தது. தூங்குகிறாள். அக்காவும் அண்ணனும் மாறி மாறிப் போன். அடுத்தது எப்போது, டெஸ்ட் எப்போது, கூடப் போவது யார். வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட தேதியெல்லாம் காலை வணக்கம் படங்களுக்கு அடியில் போய்விட்டது.

எல்லார் போனிலும் ஒரே காலண்டர் இருந்தால் போதும். ஆனால் அம்மாவின் மருந்துப் பெயர்கள் விளம்பரம் விற்கிற எவன் சர்வரிலும் கிடக்கக் கூடாது. பிடிவாதம்தான். இருக்கட்டும்.

பீரோவில் பழைய ராஸ்பெர்ரி பை 4, அந்தக் கையகலக் கம்ப்யூட்டர், ஒன்று சும்மா கிடக்கிறது.

14 நவம்பர், வியாழன்

நெக்ஸ்ட்கிளவுட் வேண்டாம், ஒரு காலண்டருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ராடிகேல் போட்டேன், காலண்டருக்கு மட்டுமான சின்ன சர்வர். பைத்தானில் எழுதியது. டேட்டாபேஸ் கிடையாது. ஒரு நிகழ்வுக்கு ஒரு ஐசிஎஸ் கோப்பு, திறந்தால் வெறும் எழுத்து, கண்ணால் படிக்கலாம். அது பிடித்திருந்தது.

5232 போர்ட்டில் ஓடவிட்டதும் எந்தப் பெயர் அடித்தாலும் உள்ளே விட்டது. பெயர் கத்தரிக்காய், பாஸ்வேர்ட் முருங்கைக்காய் என்று அடித்தேன், அதற்கும் வாங்க என்றது. தாழ்ப்பாளை நாமேதான் போட வேண்டும். தனியாக ஒரு பாஸ்வேர்ட் கோப்பு, பிகிரிப்ட் முறையில் உருமாற்றி வைத்தது. அம்மா, அப்பா, அக்கா, அண்ணன், நான், ஆளுக்கொரு பெயர். இயல்பில் அவரவர் காலண்டர் அவரவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரும் ஒன்றைப் பார்க்க உரிமைக் கோப்பு ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதிலேயே ராத்திரி போனது.

அம்மா இன்று ரெண்டு இட்லி சாப்பிட்டாள்.

16 நவம்பர், சனி

எங்கள் பிராட்பேண்டில் சொந்த முகவரி கிடையாது. ஊரில் பாதிப் பேர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருக்கிறோம். வெளியிலிருந்து வீட்டு சர்வருக்கு வர ரவுட்டரில் போர்ட் திறக்கிற வித்தையெல்லாம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் செல்லாது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் போட்டு ஐந்து போனையும் ராஸ்பெர்ரி பையையும் ஒரே தனி வலைக்குள் கொண்டுவந்தேன். சான்றிதழும் அதிலேயே கிடைக்கிறது. அண்ணனின் ஐபோனில் கேல்டாவ், அதாவது காலண்டரைப் பகிர்கிற பொது முறை, கணக்கைச் சேர்க்க அமைப்பிலேயே இடம் உண்டு. மற்றவர்களுக்கு ஆண்ட்ராய்டு, அதற்கு டாவ்எக்ஸ்5 என்ற ஆப்.

அம்மா போனில் போடும்போது, "இதுல நான் எழுதலாமா, பாக்க மட்டுமா?" என்று கேட்டாள். எழுதலாம்மா.

19 நவம்பர், செவ்வாய்

முக்கியமானதை, கீமோ தேதிகளை, இன்றுதான் ஏற்றினேன். தொடக்கம் 22 அக்டோபர். வாரக் கணக்கு, இடைவெளி 3, எண்ணிக்கை 6. கோப்பில் பார்த்தால் ஒரே வரி. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற காலண்டர் தர ஆவணத்தில் இதற்கெல்லாம் இலக்கணம் இருக்கிறது. ஒரு வரிக்குள் பிப்ரவரி 4 வரை எங்கள் வீடு அடங்கிவிட்டது.

ஐந்தாவது, ஜனவரி 14. பொங்கல் அன்று.

அக்காவிடம் சொல்லவில்லை. அவளே பார்த்துவிட்டு அழுகிற முகம் ஒன்று அனுப்பினாள்.

20 நவம்பர்

"எட்டரைக்கா கெளம்புறீங்க? லேட் ஆயிடாதா?" என்கிறான் அண்ணன். டேய், அது சிங்கப்பூர் எட்டரை. இங்கே ஆறு.

22 நவம்பர்

99.4. பத்தாம் நாள், வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கிற நேரம். 100.4 வந்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாமீட்டரைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.

ராத்திரி 98.8.

24 நவம்பர், ஞாயிறு

அப்பா பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். டிசம்பர் 3 ஆகாதாம். அம்மாவுக்கு ரிஷப ராசி, 3, 4 ரெண்டு நாளும் சந்திராஷ்டமம். "போதாக்குறைக்கு செவ்வா. செவ்வாயோ வெறுவாயோன்னு சும்மாவா சொன்னாங்க." அந்த ஓபி செவ்வாய்தான்ப்பா, டாக்டர் செவ்வாய்தான் வருவார் என்றேன். "நான் மாத்தச் சொல்லலியே. அதுல போட்டு வைன்னுதான் சொல்றேன்."

போட்டு வைக்க வழி இல்லை. ரிபீட் விதி நாள் எண்ணும், வாரம் எண்ணும், வருஷம் எண்ணும். சந்திரனை எண்ணாது. பாட்டி திதிக்கும் இதே கதி. அடுத்த ஆடி வரைக்கும் அப்பா படிக்கப் படிக்கக் கையாலேயே ஏற்றினேன். அமாவாசை, கிருத்திகை, சந்திராஷ்டமம், எல்லாம் 'பஞ்சாங்கம்' என்று தனிக் காலண்டரில், மஞ்சள் நிறத்தில். அண்ணன் வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளட்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா உற்சாகமாக இருந்தார்.

27 நவம்பர், புதன்

யாராவது தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் மீட்க வேண்டுமே என்று, பழைய வடிவங்களைச் சேர்த்து வைக்கிற கிட் வைத்தேன். மாற்றம் ஒவ்வொன்றும் ஆள் பெயரோடு பதிவாகிறது. இப்போது ராத்திரி படுக்கப் போகுமுன் அந்தப் பதிவைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இன்று மதியம் 2:40. அம்மா. புது நிகழ்வு. 'வடலூர் ஜோதி', 11 பிப்ரவரி, முழு நாள். முதல் நாளே ஞாபகப்படுத்த அலாரம்கூட வைத்திருக்கிறாள்.

4ஆம் தேதியோடு ஆறும் முடிகிறது, அடுத்த செவ்வாய் தைப்பூசம். கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாள். ஆறாவது முடிந்து ஏழாம் நாள், தைப்பூசக் கூட்டத்தில். டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

29 நவம்பர்

புயலாகிவிட்டது. ஃபெஞ்சல்.

30 நவம்பர், சனி

மதியமே கரண்ட் போய்விட்டது. ஜன்னல் கதவை அப்பா சேலைக் கிழிசலால் கட்டியிருக்கிறார். பாண்டிக்குப் பக்கத்தில் கரை ஏறுகிறதாம். காற்று இன்னும் விடவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

பாண்டியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல். இங்கும் தெருவெல்லாம் தண்ணீர்.

கவலை ஊசியைப் பற்றி. வெள்ளை அணுவுக்கானது, இந்தச் சுற்றுக்கு வாங்கி வைத்தது, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாதென்று எல்லாரையும் மிரட்டிவிட்டு நானே திறந்து திறந்து பார்த்தேன். பிற்பகலில் எதிர்வீட்டு அக்கா, "எங்க வீட்ல இன்வெர்ட்டர் ஓடுது, குடுடி" என்று வாங்கிப் போனார். அவர்கள் ஃப்ரிட்ஜில் மல்லிப்பூவுக்கும் தயிருக்கும் நடுவில் அந்தச் சின்ன அட்டைப் பெட்டி.

ராஸ்பெர்ரி பை செத்துக் கிடக்கிறது. காலண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒவ்வொரு போனிலும் ஒரு நகல் இருக்கிறது. அந்த மட்டும் நிம்மதி.

2 டிசம்பர்

சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி. தென்பெண்ணை எங்கே நிற்கும்? டெஸ்ட் இன்று எடுத்திருக்க வேண்டும்.

3 டிசம்பர், செவ்வாய்

போகவில்லை. எப்படிப் போவது? ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே கூப்பிட்டு, 10ஆம் தேதி வாங்க, ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்றார்கள். ஒன்றும் ஆகாதா என்று திரும்பக் கேட்டேன். ஆகாதும்மா.

அப்பா எதுவும் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைக் கண்ணில் படுகிற மாதிரி டேபிளில் வைத்திருந்தார்.

போனில் 3ஐ 10க்கு இழுத்தேன். அது கேட்டது: இந்த நிகழ்வு மட்டுமா, இனி வருபவை எல்லாமுமா? மூடி வைத்துவிட்டேன்.

5 டிசம்பர், வியாழன்

கரண்ட் வந்தது. நெட் வரவில்லை. பையில் தேதி கேட்டால் நவம்பர் 30, மதியம் என்கிறது. அதில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே எழுந்திருக்கிறது. புயல், வெள்ளம், தவறிய செவ்வாய் எதுவும் அதற்கு நடக்கவில்லை. திருத்தாமல் கொஞ்ச நேரம் விட்டு வைத்தேன்.

சாயங்காலம் நெட் வந்ததும் தானாகவே தாவி இன்றைக்கு வந்துவிட்டது.

7 டிசம்பர், சனி

இதை மட்டும் என்றால் 10க்குப் பிறகு 24. நடுவில் ரெண்டே வாரம், உடம்பு தாங்காது, நடக்கவும் நடக்காது. எல்லாமும் என்றால் 10, 31, ஜனவரி 21, பிப்ரவரி 11. பொங்கல் தப்பித்தது. வடலூர் போயிற்று.

முடிவெடுக்க இதில் எதுவும் இல்லை, மருந்தின் கணக்கு அது. ஆனாலும் விரல் போகவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ அமுக்குடி, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். அமுக்கினேன். பழைய தொடரை அத்தோடு நிறுத்தி, மீதி நாலுக்குப் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்துகொண்டது. அக்கா பேசவில்லை, எனக்குத் தெரியும்.

8 டிசம்பர், ஞாயிறு

அம்மாவே கேட்டாள். "வடலூர் மேல ஏதோ செவப்பா நிக்குதே?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "சரி, மாசப் பூசத்துக்குப் போய்க்கலாம். ஜோதிக்கு முன்னால ஏழு தெரையும் வெலகாது, ஆறுதான். பரவால்ல. அப்பாவ மாசிப் பூசம் என்னிக்குன்னு பாக்கச் சொல்லு."

அதுவும் சந்திரனைப் பார்த்து வருவதுதான். கையால்தான் ஏற்ற வேண்டும்.

9 டிசம்பர், திங்கள்

காலையில் ரத்தம் கொடுத்தாயிற்று. ரிப்போர்ட் ஆறு மணிக்கு. எண் சரியாக இருந்தால்தான் நாளை.

6:20. வரவில்லை. டாவ்எக்ஸ்5இல் சிங்க் இடைவெளியை 15 நிமிஷமாகக் குறைத்தேன். அதற்கும் லேபுக்கும் என்ன சம்பந்தம்.

6:45. டாக்ஸிக்குச் சொல்லட்டுமா வேண்டாமா என்று அப்பா கேட்கிறார்.